ஊர் மறந்துவிட்டால் என்ன செய்வது? – ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ திரைப்படம்: ஒரு திறனாய்வு



முதலில் ஒரு வகுப்பறைக் கதை. படிவம் 4 மாணவர்களுக்கு ‘பல ஆண்டுகளுக்குப் பின் நான் வாழ்ந்த இடம்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். வந்த கட்டுரைகளை உங்களால் ஊகிக்க முடியும். சலசலக்கும் ஓடை, ஓங்கி வளர்ந்த மரங்கள், கோவில் திருவிழா, அன்பே உருவான அண்டை வீட்டார், கடைசியில் “அந்தப் பொற்காலம் மீண்டும் வருமா?” என்ற ஏக்கம். எழுதியவர்களில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து அடுக்குமாடியில் வாழ்பவர்கள். ஓடை எங்கிருந்து வந்தது? மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்துதான்.

ஒரே ஒரு மாணவன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான். சின்ன வயதில் குடியிருந்த அடுக்குமாடிக்குப் போனானாம். கீழ்த்தளத்துக் கடைக்கார அக்காவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லையாம். ஓர் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டானாம். அவ்வளவுதான் கட்டுரை. நான் சிவப்புப் பேனாவால், “முடிவு சரியில்லை. படிப்பினை எங்கே?” என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’ படத்தைப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் அந்தச் சிவப்பு மை என் கையிலேயே ஒட்டிக்கொண்டது போல இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படத்தைப் பற்றி

2013இல் வெளிவந்த இந்தப் பிரிட்டிஷ் படத்தை இயக்கியவர் எட்கர் ரைட். நடிகர் சைமன் பெக்குடன் சேர்ந்து அவரே திரைக்கதையையும் எழுதினார். ‘ஷான் ஆஃப் தி டெட்’ (2004), ‘ஹாட் ஃபஸ்’ (2007) ஆகிய படங்களுக்குப் பின் இதே கூட்டணி செய்த மூன்றாவது படம் இது. மூன்றுக்கும் கதைத் தொடர்பு கிடையாது. ஆனால், மூன்றிலும் கோர்னெட்டோ ஐஸ்கிரீமோ அதன் உறையோ ஏதாவது ஒரு காட்சியில் தலைகாட்டும். அதனால் ரசிகர்கள் இவற்றைக் கோர்னெட்டோ முப்படங்கள் என்றே அழைக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் இந்தப் படத்திற்கு 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றிதழ்தான் தரப்பட்டது. குடிப்பழக்கம் கதையின் மையத்திலேயே இருக்கிறது. கெட்ட வார்த்தைகளும் ஏராளம். ஆகவே, வகுப்பில் போட்டுக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பாருங்கள், கதையை மாணவர்களிடம் சொல்லுங்கள், பேச விடுங்கள்.

கதைச்சுருக்கம்

கேரி கிங் நாற்பதை எட்டியவன். பதின்ம வயதில் போட்ட அதே கறுப்பு மேலங்கி, அதே இசைக்குழுவின் பெயர் போட்ட சட்டை, ஓட்டுவதும் அதே பழைய கார். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி முடிந்த கையோடு, நான்கு நண்பர்களுடன் தன் ஊரான நியூட்டன் ஹேவனில் ஒரு சாகசம் செய்ய முயன்றான். ‘தங்க மைல்’ என்று அழைக்கப்படும் பாதையில் இருக்கும் 12 பப்களிலும் ஒரே இரவில் குடிப்பது. முடிக்க முடியவில்லை. கடைசி பப்பின் பெயர்தான் ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’. உலகத்தின் முடிவு!

இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அதை முடித்தே தீருவேன் என்று கிளம்புகிறான் கேரி. நண்பர்களோ வேலை, குடும்பம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டவர்கள். நெருங்கிய நண்பனாக இருந்த ஆண்டி ஒரு விபத்துக்குப் பிறகு மதுவைத் தொடுவதே இல்லை. கேரியிடம் பேசுவதும் இல்லை. அவனை வரவழைக்க, தன் அம்மா இறந்துவிட்டார் என்றே கேரி சொல்லிவிடுகிறான். அது பொய் என்பது பின்னால் தெரியவருகிறது.

ஊருக்கு வந்தால் யாருக்கும் இவர்களை அடையாளம் தெரியவில்லை. பப்களோ ஒன்றைப் போலவே மற்றொன்று. படம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடந்ததும், ஒரு கழிப்பறைச் சண்டையில் ஓர் இளைஞனின் தலை கழன்றுவிடுகிறது. உள்ளே இரத்தம் இல்லை; நீல நிற மை போன்ற ஒரு திரவம். ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் மாற்றப்பட்டுவிட்டார்கள்! வேற்றுக்கோளிலிருந்து வந்த ‘நெட்வொர்க்’ என்னும் ஆற்றல், மனிதர்களை எடுத்துவிட்டு அச்சு அசலான நகல்களை வைத்துவிட்டது.

ஓடிவிட வேண்டியதுதானே? ஆனால், திடீரென்று கிளம்பினால் சந்தேகம் வரும், ஒன்றும் தெரியாதவர்கள் போலக் குடித்துக்கொண்டே போவோம் என்கிறான் கேரி. படத்தின் நகைச்சுவைக்கு அச்சாணி இந்த முட்டாள்தனமான தர்க்கம்தான். ஒவ்வொரு பப்பிலும் போதை ஏறுகிறது, அறிவு இறங்குகிறது, ஆபத்து நெருங்குகிறது.

கருப்பொருள்: ஏக்கமா, நோயா?

தேர்வில் ‘கருப்பொருள் யாது?’ என்று கேட்டால், மாணவர்கள் சட்டென்று ‘நட்பு’ என்று எழுதிவிடுவார்கள். தவறில்லை, ஆனால் அது மேலோட்டம். இந்தப் படம் கேட்கும் கேள்வி வேறு. கடந்த காலத்தின் மீதுள்ள ஏக்கம் எப்போது ஒரு நோயாக மாறுகிறது?

முதல் காட்சியைக் கவனியுங்கள். 1990இன் அந்த இரவை ஒரு குரல் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. இளமை, சிரிப்பு, விடியற்காலை, குன்றின் மேல் நண்பர்கள். வாழ்க்கையில் இதைவிட நல்ல நாள் வரவே போவதில்லை என்ற தொனி. அடுத்த காட்சியில்தான் நமக்குத் தெரிகிறது, கேரி இதையெல்லாம் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிகிச்சைக் குழுவில் சொல்லிக்கொண்டிருக்கிறான். பொற்காலக் கதையை எங்கே இருந்துகொண்டு சொல்கிறான் என்று தெரிந்தவுடனே, கதையின் பொருளே மாறிவிடுகிறது. நம் மாணவர்கள் எழுதும் பொற்காலக் கட்டுரைகளில் இல்லாதது இதுதான். சொல்பவன் இப்போது எங்கே இருக்கிறான்? ஏன் ஏங்குகிறான்? அது வருவதே இல்லை.

இன்னொரு காட்சி. பள்ளியில் பீட்டரை ஓயாமல் கொடுமைப்படுத்திய ஒருவன், பப்பில் இவர்கள் மேசைக்கே வருகிறான். பீட்டரை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. பீட்டர் நண்பர்களிடம் மனம் விட்டுச் சொல்கிறான். தன்னை வருத்தியது பழைய அடியும் உதையும் அல்ல. தன் இளமையையே நாசமாக்கியவனுக்குத் தான் ஒரு நினைவாகக்கூட இல்லை என்பதுதான் வலிக்கிறது என்கிறான். எடி மார்சன் இந்த இடத்தில் சத்தம் போடாமல் நடித்திருக்கிறார். சிரிப்புப் படத்தில் இப்படி ஓர் இடம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இங்கே அறிவியல் புனைவு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஊர்க்காரர்கள் எந்திர நகல்கள் என்று தெரிந்ததும் கேரிக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். ஏன்? ‘என்னை யாருக்கும் தெரியவில்லையே’ என்ற காயத்துக்கு இப்போது ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. மாறியது நானல்ல, ஊர்! மறந்தவர்கள் மனிதர்களே அல்ல! ஊர் தன்னை மறந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்வதைவிட, வேற்றுக்கோள்வாசிகள் படையெடுத்துவிட்டார்கள் என்பதை நம்புவது அவனுக்கு எளிதாக இருக்கிறது. நாம் சிரிக்கிறோம். சிரித்த பிறகு கொஞ்சம் குத்துகிறது.

ஆட்களை நகலால் மாற்றும் கதை புதிதல்ல. ஜாக் ஃபின்னி 1955இல் எழுதிய ‘தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ நாவலும், அதை வைத்து 1956இல் வந்த திரைப்படமும் இதே அச்சத்தைப் பேசியவை. அங்கே ஊர் மாறியது ஒரு பேரிடர். இங்கே ஊர் மாறியது ஒருவனுக்கு ஆறுதல். பழைய கருவை எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

பாத்திரப்படைப்பு: வடுவும் நகலும்

நகல்களுக்கு வயது இல்லை, வடுவும் இல்லை. நண்பர்களுக்குள் ஒருவன் மாற்றப்பட்டுவிட்டான் என்பது எதனால் தெரிகிறது? ஆலிவருக்குத் தலையில் ஒரு பிறவி மச்சம் இருந்தது. பெரியவனானதும் அதை நீக்கிக்கொண்டான். இரவில் அந்த மச்சம் திரும்ப வந்திருக்கிறது! குறையே இல்லாத நகலைக் குறை காட்டிக்கொடுக்கிறது. ஆண்டியோ தான் மனிதன் என்பதற்குச் சான்றாக விபத்தின் தழும்பைக் காட்டுகிறான். மனிதன் என்பதற்குச் சாட்சி அவனுடைய வடுக்கள்தான் என்ற எண்ணத்தைப் படம் வசனமாகச் சொல்லவில்லை. காட்சிகளால் அடுக்கிக் காட்டுகிறது.

இந்த அடுக்கின் உச்சம் கடைசி பப்பில் வருகிறது. கேரியைத் தடுக்க ஆண்டி மல்லுக்கட்டும்போது சட்டைக்கை விலகுகிறது. மணிக்கட்டுகளில் கட்டு, மருத்துவமனை அடையாளப்பட்டை. இவ்வளவு நேரம் நாம் பார்த்துச் சிரித்தவன், சாவின் விளிம்புக்குப் போய் வந்தவன் என்று அப்போதுதான் தெரிகிறது. இந்த ஓர் இரவைத் தவிரத் தனக்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை என்ற நிலையில் அவன் இருக்கிறான். சைமன் பெக் தன் கோமாளித்தனத்தை ஒரே நொடியில் கழற்றி வைக்கிறார். (இதைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்கள் கவனமாக இருங்கள். கேட்கும் பிள்ளைகளில் யாருக்கு என்ன வலி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகர் ஆசிரியரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.)

அதன் பிறகு நெட்வொர்க் அவனிடம் பேரம் பேசுகிறது. அந்தக் குரல் பில் நையுடையது. இளமையான கேரி, 1990இல் இருந்த அதே கேரி, எதிரில் வந்து நிற்கிறான். நினைவுகளை வைத்துக்கொள்ளலாம்; என்றும் இளமையாக இருக்கலாம். படம் முழுக்க அவன் தேடியது இதுதானே! ஆனால், கேரி தன் இளமை உருவின் தலையைப் பிய்த்து எறிகிறான். அபத்தமாகவும் சிரிப்பாகவும் இருக்கும் இந்தச் செயலில்தான் பாத்திர வளர்ச்சி இருக்கிறது. பொற்காலம் கைக்கு எட்டியபோது, அதை வேண்டாம் என்று சொல்ல அவனால் முடிந்தது.

உத்தி: பெயர், தண்ணீர், கதைசொல்லி

எஸ்பிஎம் இலக்கியத் தாளுக்குத் தயாராகும் மாணவர்களே, உத்தியைப் பற்றி எழுதும்போது ‘பின்நோக்கு உத்தி கையாளப்பட்டுள்ளது’ என்று ஒரு வரியில் நிறுத்திவிடாதீர்கள். அது கதையில் என்ன வேலை செய்கிறது என்பதையும் எழுதுங்கள். இந்தப் படத்திலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகள்:

முதலாவது, பெயர்கள். கேரி ‘கிங்’, அதாவது அரசன். மற்றவர்களின் குடும்பப் பெயர்கள் நைட்லி, பிரின்ஸ், சேம்பர்லின், பேஜ். வீரன், இளவரசன், அரண்மனை அதிகாரி, ஏவலாள் என்று ஓர் அரசவையே இருக்கிறது. நாடு இல்லாத அரசன், வேலைக்குப் போய்விட்ட அவையோர்! பப்களின் பெயர்களும் வரப்போவதை முன்னறிவிக்கின்றன. ‘இரண்டு தலை நாய்’ என்ற பப்பில் இரட்டையர் உருவங்களோடு சண்டை. ‘சுவரில் உள்ள துளை’ என்ற பப்பில் ஒரு கார் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. ‘உலகத்தின் முடிவு’ என்னும் பப்பில் நடப்பதைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். முதல் பப்பில் ஆண்டி தண்ணீர் கேட்கிறான். கேரி கிண்டல் செய்கிறான். படத்தின் இறுதிக் காட்சியில் ஒரு பப்புக்குள் நுழையும் கேரி கேட்பதும் தண்ணீர்தான். ‘கேரி திருந்திவிட்டான்’ என்று யாரும் வசனம் பேசவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, கதைசொல்லி. தொடக்கத்தில் கதை சொல்வது கேரி. முடிவில், எல்லாம் சிதைந்த உலகில், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் கதை சொல்வது ஆண்டி. கடந்த காலத்தில் மாட்டிக்கொண்டவனிடமிருந்து, அதனால் காயப்பட்டும் மன்னித்தவன் கைக்குக் கதை போகிறது. ஒரே இரவைப் பற்றிய இரண்டு கதைசொல்லல்கள் என்று இதை ஒப்பிட்டு எழுதலாம்.

மொழியைக் கற்பிக்கும் நமக்கு இன்னொரு சுவையான இடமும் உண்டு. இந்த நகல்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று குடிபோதையிலேயே ஒரு விவாதம் நடக்கிறது. ‘ரோபோ’ என்றால் நகல்களுக்குக் கோபம் வருகிறது, தாங்கள் அடிமைகள் அல்லராம். அந்தச் சொல்லின் வேர் அப்படி. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரோபோட்டா’ என்ற சொல்லிலிருந்து பிறந்து, காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாக உலக மொழிகளுக்குப் பரவியது. கடைசியில் நண்பர்களிடையே நிலைக்கும் பெயர் ‘பிளாங்க்ஸ்’, எழுதப்படாத வெற்றுத்தாள்கள். வடு இல்லாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

குறைகள்

பாராட்டு மட்டும் திறனாய்வு ஆகாது. எனக்குப் பட்ட இரண்டு குறைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பெண் பாத்திரம். ரோசமண்ட் பைக் நடித்த சாம், கதையில் ஓரளவு இடம் பெறும் ஒரே பெண். சண்டை போடுகிறாள், கேரியைக் கண்டிக்கிறாள், புத்திசாலியாகவும் இருக்கிறாள். ஆனால், இந்த ஊர் அவளுக்கும் ஊர்தானே? அவளுக்கு என்ன நினைவு, என்ன ஏக்கம்? படம் கேட்கவே இல்லை. கேரிக்கோ ஸ்டீவனுக்கோ என்ற கேள்விக்குள்ளேயே அவளை நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டு, இறுதிப் பகுதி. மனிதனுக்கு முட்டாளாக இருக்கவும் உரிமை உண்டு என்று கேரி வாதாடுகிறான். அந்த வாதத்தைக்கூட அவன் தன் இளமைக் காலப் பாட்டு ஒன்றிலிருந்து இரவல் வாங்குகிறான். அதுவரை சரி, அவன் அப்படித்தான் பேசுவான். நெட்வொர்க் சலித்துப்போய்க் கிளம்பிவிடுகிறது. அதோடு உலகத்தின் தொழில்நுட்பமும் அழிகிறது. அதன் பிறகு கேரி என்ன செய்கிறான்? தன் நண்பர்களின் இளமை நகல்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். தன் நகலைப் பிய்த்து எறிந்தவனுக்கு நண்பர்களின் நகல்கள் பரிசா? ஒதுக்கப்பட்ட ‘பிளாங்க்ஸ்’ பக்கம் நின்று அவன் போராடுகிறான் என்று சிலர் வாதிடலாம். ஆனாலும், கையில் உள்ள தண்ணீர் ஒன்றைச் சொல்கிறது; பக்கத்தில் நிற்கும் கூட்டம் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளப் படம் ஆசைப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. உங்கள் கருத்து மாறுபடலாம். சான்று காட்டி எழுதினால் மதிப்பெண் உண்டு!

நம் வகுப்பறைக்கு

இப்போது அந்த மாணவனின் கட்டுரைக்கு வருகிறேன். கடைக்கார அக்காவுக்கு அவனைத் தெரியவில்லை. அவன் அதை மறைக்கவில்லை, அழகுபடுத்தவில்லை, ஓடையும் திருவிழாவும் சேர்க்கவில்லை. மறக்கப்பட்டதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஓர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தான். நாற்பது வயது கேரியால் ஒரு படம் முழுக்கச் செய்ய முடியாததை, பதினாறு வயதுப் பையன் ஒரு பக்கத்தில் செய்திருக்கிறான். படிப்பினை எங்கே என்று கேட்டவள் நான்.

மற்ற பிள்ளைகளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவின் தோட்டத்து வாழ்க்கையைத் தாங்களே வாழ்ந்தது போல எழுதினால்தான் ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். மச்சமும் தழும்பும் நீக்கப்பட்ட நகல் கட்டுரைகளுக்கு நாம் மதிப்பெண் கொடுத்துப் பழக்கிவிட்டோம். தேர்வுக்கு வடிவம் வேண்டும், மறுக்கவில்லை. அந்த வடிவத்துக்குள் பிள்ளையின் சொந்த அனுபவம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது நம் கையில்தானே இருக்கிறது?

விடுமுறை முடிந்ததும் அந்த மாணவனிடம் கட்டுரையைத் திரும்பக் கேட்டேன். “அதைத் தூக்கிப் போட்டுட்டேன் டீச்சர், மார்க்கு கம்மியாச்சே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. “இன்னொரு தடவை எழுதித் தர்றியா?” என்று மட்டும் கேட்டேன். பார்க்கலாம் என்றான்.

மாணவர்கள் சிந்திக்க

1. தன் இளமை உருவைக் கேரி அழிப்பது ஏன்? அவனுடைய முந்தைய செயல்களோடு ஒப்பிட்டு விளக்குக.

2. ‘மனிதனுக்கு அவனுடைய வடுவே சாட்சி.’ படத்தின் இரண்டு நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.

3. கதையைச் சாம் சொல்லியிருந்தால் எந்த நிகழ்வு முதலில் வந்திருக்கும்? ஒரு பத்தியில் எழுதுக.

4. நீங்கள் முன்பு வாழ்ந்த அல்லது படித்த ஓர் இடத்துக்கு மீண்டும் சென்றதைப் பற்றி 150 சொற்களில் எழுதுக. நீங்கள் கண்ணால் காணாத எதையும் சேர்க்காதீர்கள். ஓடை வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர்களே, நான்காவது கேள்விக்கு வரும் விடைகளைத் திருத்தும்போது சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, ஒருமுறை சும்மா படித்துப் பாருங்கள்.